அப்பாவின் கை நடுக்கம்

அப்பா காரை நன்றாகத்தான் ஓட்டுவார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது எல்லாரும் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். சின்ன வயதில் பின் சீட்டில் படுத்துத் தூங்கினால் வீடு வந்ததுகூட எனக்குத் தெரியாது. அவ்வளவு பதமாக பிரேக் பிடிப்பார்.

போன வருடம்தான் தடுமாற்றம் ஆரம்பித்தது. முதலில் கேட் தூணில் வண்டியை உரசினார். பிறகு ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைந்தார். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் நடைபாதை மேலேயே வண்டியை ஏற்றிவிட்டார். நின்றிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அப்பா நிதானமாக ரிவர்ஸ் எடுத்து, இந்த ஊரில் ஒருத்தனுக்கும் ஒழுங்காக நிற்கத் தெரியவில்லை என்றார்.

நான் எதுவும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போனேன். கண் பார்வைக்குக் குறையில்லை, இந்த வயதுக்கு இது போதும் என்று அனுப்பிவிட்டார். வெளியூரில் இருக்கும் அண்ணனிடம் அழுதேன். அப்பாவைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்தாதே என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டு போனை வைத்தான். சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்தேன். அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் அம்மாவே சாவியைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

"வேலை போச்சு, காதும் மந்தமாயிடுச்சு. அவர்கிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்டி. விட்டுடு" என்றாள்.

அதற்கப்புறம் நான் என்ன செய்ய முடியும்? அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டு படியிறங்கினால், வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். அங்கே போன் அடிக்கும்போதெல்லாம் அந்தச் செய்திதானோ என்று கை சில்லிட்டுப் போகும். வந்தவர்களிடம் சிரித்தபடியேதான் போனை எடுப்பேன்.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததால் ஒரு தடவை சர்வீசுக்கு வண்டியை நான் கொண்டுபோனேன். மெக்கானிக் முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் பிரேக் டிஸ்க். இரண்டு பக்கமும் பேடுகள் அதைக் கவ்வினால்தான் வண்டி நிற்கும். அதன்மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வரிவரியாகப் பள்ளம். தேயாத ஓரம் மட்டும் கரை கட்டினாற்போல் எழும்பி நின்றது.

"புது பேடு போட்டா சரியாயிடும்னு நெனைக்காதீங்க மேடம். தட்டே மெலிஞ்சு போச்சு. லேத்துல குடுத்து சீவுறதுக்கும் இதுல கனம் இல்ல. இறக்கத்துல சூடேறினா விரிசல் விட்டுடும். இது இன்னைக்கே மாத்தியாக வேண்டியது" என்றார்.

ஓட்டுகிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதறும், கரகரவென்று சத்தம் வரும் என்றார். அப்பாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன். மெக்கானிக் நல்ல மனிதர். சில நாள் கழித்து வீட்டுக்கே போன் செய்து விசாரித்தார். நான்தான் எடுத்தேன். வேறு இடத்தில் மாற்றிவிட்டோம் என்றேன்.

நான் எதிர்பார்த்தது ஒரு சின்ன மோதல். முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் லேசாக இடிக்கும், விளக்கு உடையும், அப்பா பயந்துபோய்த் தானாகவே சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் பிடுங்க வேண்டாம், அம்மா கெஞ்ச வேண்டாம். யாருடைய மனமும் நோகாமல் விஷயம் முடிந்துவிடும். வேறு வழி இருந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

கரகரப்பு அவர் காதில் விழவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. தூசி அடைத்திருக்கும் என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன். ஆனால் ஸ்டீயரிங் உதறலை அப்பா கண்டுபிடித்துவிட்டார். நான்தான் சொன்னேனே, அவர் நல்ல ஓட்டுநர். சாப்பாட்டு மேசையில் கேட்டார்.

"பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் உதறுதும்மா. டிஸ்க் தேஞ்சிருக்குமோ? மெக்கானிக் ஏதாச்சும் சொன்னானா?"

"எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னார். உதறுறது வண்டி இல்லப்பா, உங்க கை."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஆடவே இல்லை. ஆனாலும், "இருக்கும்" என்றார். அத்தோடு ஓட்டுவதை நிறுத்திவிடுவார் என்று நம்பினேன். நிறுத்தவில்லை. முன்னைவிட மெதுவாக ஓட்ட ஆரம்பித்தார், அவ்வளவுதான்.

அன்று காலை அம்மாவின் முழங்காலுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி இறக்கத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். அம்மா ஏறிக் கதவைச் சாத்தியதும், பெல்ட்டை மறக்காமல் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வளைவில் ஒரு லாரி நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அதன்மீது போய் மோதியது அம்மா உட்கார்ந்திருந்த பக்கம். போன் வந்தபோது எனக்குக் கை சில்லிடவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அப்பாவுக்கு விலா எலும்பு மட்டும்தான் முறிந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் தன் கைகளைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

"சரியாத்தாம்மா மிதிச்சேன். இந்தக் கைதான் உதறிடுச்சு. உங்கம்மாவ நானே கொன்னுட்டேன்."

வயசானா அப்படித்தான்ப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க என்று சொல்லி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்தபின் ஸ்பூன் பிடித்தால்கூட அவர் கை நிஜமாகவே நடுங்குகிறது. சாவியைக் கேட்பதே இல்லை. நான் விரும்பியதும் அதுதானே.

இவ்வளவு ஆபத்து என்று தெரியுமா, தெரியாதா என்று நீங்கள் மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். தெரியாது. தெரிந்திருந்தால் பெற்ற தாயை அந்த வண்டியில் ஏற அனுமதிப்பேனா? என் மகளைப் பற்றியும் கேட்டீர்கள். அதுவரை அவளைக் காரில் பள்ளியில் விட்டு அழைத்து வந்தது அப்பாதான். மெக்கானிக் அந்தத் தட்டைக் காட்டியதற்கு மறுநாளே அவளைப் பள்ளி வேனில் சேர்த்தேன், உண்மைதான். வேன் வசதியாக இருந்தது, சேர்த்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.