படம் போன வாசல்

பெல்லை அழுத்தாதே தம்பி, அது அடிக்காது. ஒயரைப் புடுங்கிட்டேன். கத்தவும் முடியாது, தாடையைக் கம்பி போட்டுல்ல கட்டி வச்சிருக்காங்க. பயப்படாதே. அடிக்கணும்னா நீ தூங்கும்போதே அடிச்சிருப்பேன்.

எப்படி உள்ள வந்தேன்னு பாக்கறியா? ஒத்தக்கால்ல ஒருத்தி ஆஸ்பத்திரிக்குள்ள நொண்டிக்கிட்டுப் போனா எவன் கேப்பான்? வாசல்ல நின்னவன் லிப்டையே புடிச்சுக் குடுத்தான். உன் தொழில்காரன்தான், நல்ல பையன்.

என்னைத் தெரியல இல்ல? கண்காட்சி மண்டபத்துல நீ செக்யூரிட்டி. படியில உக்காந்து கோஷம் போட்டோமே, அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தி. கருப்பா ஒருத்திய இழுத்துப் போட்டியே, அவளோட ஆளு. அவளைக் கரிச்சான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். கரிச்சான் குருவி பாத்திருக்கேல்ல, அத்தனூண்டு இருந்துக்கிட்டு பருந்தையே கொத்தி விரட்டும். அவ எனக்கு வச்ச பேரு மைதா மாவு. என் கலரப் பாத்து.

பொறந்ததுலேருந்து அவளுக்குக் கை கால் அதது இஷ்டத்துக்கு இழுக்கும். பேச்சு குழறும். புத்தி? உன்னையும் என்னையும் சேத்து வித்துட்டு வந்துடுவா. தரையில துணிய விரிச்சு, குப்புறப் படுத்துக்கிட்டு, மணிக்கட்டுல பிரஷ்ஷக் கட்டிக்கிட்டு வரைவா. எங்கள மாதிரி ஊனமானவங்க உடம்புங்களத்தான் வரைவா. என் வெட்டுப்பட்ட காலை வரைஞ்சா ஒருநாள். நான் அழுவேன்னு எல்லாரும் பாத்தாங்க. நான் சண்டை போட்டேன், தொடையை ஏண்டி இவ்ளோ குண்டா போட்டேன்னு. இருக்கறதத்தானேடி வரைய முடியும்னா.

அந்தப் படந்தான் உன் மண்டபத்துல மாட்டியிருந்தது. அதுக்குக் கீழ நின்னு உங்க மேனேஜரம்மா பேசினாங்களாம், இவங்கல்லாம் நமக்குத் தூண்டுகோல்னு. தூண்டுகோல்னா என்ன? விளக்குத் திரியத் தள்ளிவிடற குச்சி. குச்சி நாங்க, வெளிச்சம் அவங்களுக்கு. போகட்டும். வரைஞ்சவ உள்ள வரணும்னா வழி எங்கன்னு கேட்டோம். முன்பக்கம் படி. பின்பக்கம் சரக்கு லிப்ட், பெட்டியோட பெட்டியா வாங்கன்னாங்க. கரிச்சான் சொன்னா, என் படம் முன்வாசல்ல போச்சு, நான் மட்டும் ஏன் சரக்குன்னு.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஊர்ந்துதான் ஏறினா. முட்டி தேய, ஒவ்வொரு படியா. நாங்க பாடிக்கிட்டிருந்தோம். நீ வந்தே. குடிச்சிருக்கியாடி கருப்பின்னு கேட்டே. அவ பதில் சொல்ல வாயத் தொறந்தா, எச்சில்தான் வந்துச்சு. அவசரத்துல அவளுக்கு அப்படித்தான் வரும். நீ துப்பறான்னு நினைச்சே. முடியக் கொத்தாப் புடிச்சு இழுத்தே. தலை ஒவ்வொரு படியிலயும் மோதுச்சு. அந்தச் சத்தம் உனக்குக் கேட்டுச்சா? எனக்கு இப்பவும் கேக்குது. அப்புறம் பிரஷ் கட்டற கைமேல பூட்ஸ வச்சு நின்னுக்கிட்டு, ரெண்டு பொட்டச்சிங்க குடும்பம் நடத்தறீங்களாமே, இவ புருஷனா நீ புருஷனான்னு என்னைப் பாத்துக் கேட்டே. கேட்டுட்டுத் திரும்பிட்டே. திரும்பியிருக்கக் கூடாது.

நான் பொய்க்காலைக் கழட்டினேன். இந்தா, இந்தக் கால்தான். உள்ள இரும்பு. கைப்பிடிக் கம்பிய ஒரு கையால புடிச்சுக்கிட்டு வீசினேன். தாடையில பட்டுச்சு. முருங்கைக்காய் ஒடிஞ்ச மாதிரி இருந்துச்சு. நீ உருண்டே, ரத்தம் என் மூஞ்சிலயும் தெறிச்சுது. எனக்கு வருத்தம் வரல தம்பி. பொய் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு போடலாம்னுதான் தோணுச்சு, காலில்லாம நின்னதால எட்டல. எய்தவ இருக்க அம்பை நோகக் கூடாதும்பாங்க. எய்தவ, உங்க மேனேஜரம்மா, மாடியில ஜூஸ் குடிச்சுக்கிட்டிருந்தா. அம்புதான் கைக்குக் கிடைச்சுது.

ஆமா, நாந்தான். அவ இல்ல. போலீஸ் போட்டோ காட்டினப்போ நீ அவளுக்குத் தலையாட்டினியாமே? பின்னாடியிருந்து விழுந்த அடி, யார் அடிச்சாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? கருப்பு மூஞ்சி, ஆட்டிட்டே.

நீ போய்ச் சொல்லலையான்னு பாக்கறியா? ஸ்டேஷனுக்குப் போனேன். நாந்தான் அடிச்சேன்னேன். இன்ஸ்பெக்டர் நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. உங்களைப் பாத்தா நல்ல குடும்பம் மாதிரி இருக்கு, ஒத்தக்கால்ல நின்னு எப்படிம்மா அடிப்பீங்கன்னாரு. காலைக் கழட்டி மேசைமேல வச்சேன், உன் ரத்தத்தோட. ஒரு கான்ஸ்டபிள் ஈரத்துணியால தொடச்சு, பாவம்னு சொல்லி மாட்டிவிட்டான். என் தோல் என்னை வெளிய அனுப்பிச்சு, அவ தோல் அவளை உள்ள வச்சிடுச்சு. நாலு தலைமுறைக்கு முன்னாடி அவ ஜனங்களை வேற தேசத்துலேருந்து இங்க துறைமுகத்துல மூட்டை தூக்கக் கப்பல்ல கொண்டுவந்தாங்க. இன்னமும் எந்த ஊரு நீன்னுதான் லாக்கப்புல கேட்டானாம்.

அவ வலிப்பு மாத்திரையக் கொண்டுபோனேன். நேரம் தவறக் கூடாதுங்க, தவறினா வந்துடும்னு கெஞ்சினேன். நீ யாரு அவளுக்குன்னாங்க. பொண்டாட்டின்னேன். சிரிச்சு முடிக்கவே அவங்களுக்கு ரொம்ப நேரமாச்சு. மாத்திரை மேசையிலயே கிடந்துச்சு.

என்ன, பேனாவா? இந்தா. மெதுவா, ஊசி புடுங்கிக்கப் போகுது. எழுது.

குடு பாப்போம், என்ன எழுதியிருக்கேன்னு. தப்பா காட்டிட்டேன், மாத்திச் சொல்றேன், அவளை விட்டுருவாங்க. ம். உனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது.

விடறதுக்கு அவ இல்ல தம்பி. நேத்து விடியக்காலையில லாக்கப்புலயே வலிப்பு வந்து, நிக்கவே இல்லையாம். இங்கதான் இருக்கா. கீழ, பிணவறையில. ஏய், கண்ணை மூடாதே. என்னைப் பாரு.

அவ அண்ணன் வந்தான். எங்களுக்கு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான். சொந்தம் இல்லாத பொணம்னு சொல்லிப் பொதுக்குழியில போட்டுடுவாங்களாம். என்கிட்ட குடுங்கன்னு நான் கேட்டதுக்கு, நீ அவளுக்கு யாருன்னு எந்தக் காகிதத்துல இருக்கு, காட்டுன்னாங்க.

அதான் வந்தேன். உன் வாக்குமூலம் வாங்க இன்ஸ்பெக்டர் இப்ப வருவாரு. நாந்தான் அடிச்சேன்னு எழுதிக் குடு. ஆனா வெறுமன ஒரு பொம்பளைன்னு எழுதிடாதே, என்ன? அடிச்சவ செத்தவளோட பொண்டாட்டின்னு எழுது. போலீஸ் காகிதத்துல ஏறிடுச்சுன்னா கீழ பிணவறையில இருக்கறவன் அவளை என்கிட்ட தர மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல.