முத்துக்கனியின் மூன்று நோட்டுகள்

கொல்லம் 1128-ம் ஆண்டு கார்த்திகை மாதம் 12-ம் தேதி, பூதப்பாண்டி மேலத்தெருவில் குடியிருக்கும் வைகுண்டராஜன் மகன் பகவதியப்பன், வயது 38, பலசரக்கு வியாபாரம், போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு முன்பாகச் சொன்னது.

முத்துக்கனி என் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். ஒரு பெண் குழந்தை. வாசகசாலை பார்த்துக்கொள்ளும் தங்கப்பனிடம் அவள் நாவல் வாங்கிப் படிப்பது வழக்கம். எல்லாம் கல்யாணமான பெண் மனசுக்குப் பிடித்தவனுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் கிடந்து அல்லாடும் கதைகள். வேலையற்ற வேலை என்று நான் சத்தம் போட்டதுண்டு.

நேற்று அரிசிப் பானைக்கு அடியில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் கிடைத்தது. "நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு வருவேன். குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் வர வேண்டும், அதுதான் முடியுமா என்று தெரியவில்லை" என்று இருந்தது. நாவல் கொடுப்பவனோடு போகத்தான் என்று முடிவு கட்டினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கப்பன் பேரில் புகார் கொடுத்தேன். இன்று காலை அவனைப் பிடித்து வந்தார்கள்.

அதன் பிறகு என் மனைவி மூன்று நோட்டுகளோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். அழவில்லை. "ஏட்டையா, இது நான் எழுதுத கதை. ஒத்தத் தாளை வச்சு ஒரு மனுசனப் பிடிச்சுப் போடலாமா? இவியள முழுசும் படிக்கச் சொல்லுங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னாள். மூன்றாம் நோட்டில் கிழிந்திருந்த இடத்தில் அந்தத் தாள் சரியாகப் பொருந்தியது.

அதன் பிறகு ஏட்டு உத்தரவுப்படி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. கதையில் வரும் பெண் பஸ் நிற்கும் இடம் வரை போய், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கிறாள். சேலைத் தலைப்பில் குழந்தைக்கு வாய் துடைத்த கறை. அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. அடுக்களையில் இருந்துகொண்டு இப்படி எழுத யாரால் முடியும்?

அதன் பிறகு ஏட்டும் வாங்கிப் படித்துவிட்டு, "அவ போனாளா, திரும்பிட்டாளா?" என்று கேட்டார். "எனக்கே இன்னும் தெரியாது" என்றாள்.

கதையில் வரும் காதலனைப் போல் பேசத் தெரிந்தவன் தங்கப்பனும் அல்ல, இந்த ஊரில் எவனும் இல்லை. ஆகவே புகாரை வாபஸ் வாங்கி அவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். நோட்டுகளை என்னிடம் தராமல் அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். முடிவை அவள் இஷ்டம்போல் எழுதட்டும்.

கதையில் வரும் புருஷன் ஒருநாளும் பெண்சாதியிடம் "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. காதலன் கற்பனை. புருஷன் கற்பனை அல்ல. இதை யாரும் சொல்லித்தராமல் நானாகவே சொல்லி, எழுதியதை வாசிக்கக் கேட்டு, உள்ளது உள்ளபடி என்று கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) வை. பகவதியப்பன்