‘இரண்டு’ என்று குரல் கொடுத்தவள்

“கட்டுரையில என் பேரை முதல்ல போடுங்க மேடம்.”

இதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று அப்பா சொல்லியிருந்தார். லாரி ஓட்டுகிறவர்; படித்தவர்கள் முன்னால் தலையாட்டிவிட்டு வந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்புகிறவர். நான் கேட்டுவிட்டேன், மலையிலிருந்து இறங்கும் வழியில், மூச்சு வாங்க நின்ற என் பேராசிரியையிடம்.

ஆண்டுக்கொரு முறை எங்கள் துறையில் விடுமுறைக்கு மலையேறப் போவோம். அன்று ஆறு பேர். வரிசையில் கடைசியாக நான், எனக்கு முன்னால் அவர். பாறைப் பாசிகளைப் பற்றிய அந்த ஆய்வுக்கு மூன்று வருடம் முழங்கால் தேய்ந்தது எனக்கு. அச்சுக்கு அனுப்ப இருந்த கட்டுரையில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அடியில் எனக்கு ஒரு வரி நன்றி.

அவர் சிரித்தார். “ஏம்மா, உங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்சதே நீதான் முதல். அந்த முதல் போதாதா?”

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் பாட்டிலிலிருந்து எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு படம் எடுக்க ஓரமாகப் போனவர் வழுக்கி விழுந்தார். நான் தொடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இருபதடி கீழே ஒரு திட்டில் கிடந்தார். ஒரு கால் தவறான பக்கம் திரும்பியிருந்தது.

“விசில் ஊதும்மா” என்றார். விசில் கடைசி ஆளிடம்தான் இருக்கும். அதைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

மூடுபனியில் யாரும் தவறிவிடாமலிருக்க எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் கடைசி ஆள் ‘ஒண்ணு’ என்று குரல் கொடுப்பார். அவருக்கு முன்னால் போகிறவர் ‘ரெண்டு’. அப்படியே எண்ணிக்கை முன்னேறும். முதலில் நடப்பவருக்கு ‘அஞ்சு’ என்று காதில் விழுந்தால் ‘ஆறு’ என்று சொல்லிவிட்டு நடப்பார். திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

அடுத்த வளைவில் நான் “ரெண்டு” என்றேன்.

மேடத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் பனிக்குள்ளிருந்து வழக்கம்போல “மூணு” என்றார்.

நான்கு வளைவுகள், நான்கு முறை. குரல் பிசகவில்லை. முதல் வளைவு வரை மேடம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. வலி குறைந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அடிவாரத்தில் இரண்டு வண்டிகள் நின்றன. இந்த வண்டியில் ஏறியவர்கள் மேடம் அந்த வண்டியில் இருப்பதாக நினைத்தார்கள். அந்த வண்டியில் ஏறியவர்கள் இதில் என்று. மறுநாள் மதியம் கண்டெடுத்தபோது உடம்பு விறைத்திருந்தது. கொன்றது குளிர் என்று மருத்துவரே எழுதியிருக்கிறார்.

இன்று காலை துறைத்தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். “பதட்டத்துல எண்ணிக்கை மாறிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. கட்டுரையை மேடம் நினைவா அவங்க பேர்லயே கொண்டுவந்துடலாம்.”

இங்கே சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? வாயை மூடிக்கிட்டு இரு. நீ செஞ்சதுன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது.”

மூன்று வருடமாக இந்தக் கட்டடத்தில் எனக்குச் சொல்லப்படுவது இதுதான்.

“நான்தான் சார் செஞ்சேன். தெரிஞ்சே செஞ்சேன். இதையாவது வேற யார் பேர்லயும் எழுதாதீங்க.”

காவல் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நேற்றே விசாரித்து வைத்திருந்தேன். அவர் சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.