பயிற்றுநர் இருக்கையிலிருந்து

அன்று பிற்பகல் அங்கே இருந்தவர்கள்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் என் அத்தான், அவரைக் கட்டிக்கொண்ட என் அக்கா, பிராந்தியை அளந்து ஊற்ற வந்த மருந்துக் கடைக்காரர், பதினொரு வருடமாக அங்கே பயிற்றுநராக இருக்கும் நான். பயிற்சிக் கார் அலுவலகத்தைப் பார்த்தபடி சரிவில் நின்றது.

நான் குடித்துவிட்டு வேலைக்கு வருவதாக அத்தானுக்குச் சந்தேகம். குடித்தாலும் எனக்கு எதுவும் ஆகாது என்றேன்.

"அப்ப என் கண்ணு முன்னாடி குடிச்சுக் காட்டு மச்சான். தடுமாறினா சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு."

நியாயமான பேச்சு.

முதல் கிளாஸில் முகம் சூடானது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன என்றார் மருந்துக் கடைக்காரர். இரண்டாவதில், செய்வது சரியா என்று கேட்கும் மூளையின் முன்பகுதி அசந்துவிடும் என்றார். என்னுடையது எதுவும் கேட்கவில்லை. ஆகவே எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேன். மூன்றாவது, உடம்பை நிலையாக நிறுத்தும் சிறுமூளைக்கு. தரையில் கோடு கிழித்து நடக்கச் சொன்னார். நான் நேராகத்தான் நடந்தேன். கோடுதான் வளைந்து வளைந்து போனது.

"டேய், அது கோடு இல்லடா. தண்ணிக் குழாய்," என்றாள் அக்கா.

முடிவெடுக்க மூவரும் அலுவலகத்துக்குள் போனார்கள். எனக்கு நான்கு மணி வகுப்பு. வேலையில் நான் சுணங்கியதே கிடையாது. காரில் ஏறி, பழக்கப்படி பயிற்றுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஸ்டியரிங் இல்லை. எனக்கென்று ஒரு பிரேக் உண்டு. கைபிரேக்கை விடுவித்தேன். கார் உருண்டது.

"மெதுவா திருப்புங்க," என்றேன். மாணவர் திருப்பவில்லை. இரண்டாம் முறையும் மரியாதையாகவே சொன்னேன். அலுவலக ஜன்னலில் அத்தான் இரு கைகளையும் ஆட்டினார். பதிலுக்கு நானும் ஆட்டினேன். எடுத்ததற்கெல்லாம் பயிற்றுநர் பிரேக் போட்டால் மாணவர் என்றைக்குத்தான் கற்றுக்கொள்வது? நான் போடவில்லை.

அலுவலகச் சுவர் போனது. அத்தானுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மருந்துக் கடைக்காரரை அலமாரிக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

"டிரைவர் சீட்ல யாருமே இல்லயேய்யா," என்கிறார் இன்ஸ்பெக்டர். அதையேதான் நானும் சொல்கிறேன். மோதியதும் மாணவர் ஓடிவிட்டார். கைபிரேக்கை விடுவித்தது நான், கால்பிரேக்கை மிதிக்காததும் நான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்தான் வைத்த சோதனையில் நான் தேறிவிட்டேன். தேறாதது மாணவர்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டதும் காவலர் ஓர் அறையைக் காட்டினார். காலை ஏழு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது, எழுப்பிவிடுங்கள் என்றேன். சரி சார் என்று சொல்லி, எனக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.