போகவே வேண்டாத கல்லூரி

அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மற்றவள் அவள் கணவனின் அக்கா என்பது பேச்சில் தெரிந்தது.

"அந்த காலேஜுக்குப் போகவே வேணாமாம் அண்ணி. பரீட்சை மட்டும் எழுதுனா பி.எட். வந்துடுமாம். அதான் எனக்கு பயமா இருந்துச்சு."

"புள்ள சின்னதா இருக்கேன்னுதான் வீட்டுல அதைச் சொன்னாங்க."

"நேத்து வரைக்கும் உங்க தம்பியும் அதையேதான் சொன்னாங்க. காலையில, தினமும் போற காலேஜுலயே சேருன்னுட்டாங்க. அப்பாடான்னு இருக்கு. எப்படி மனசு மாறுனாங்கன்னுதான் தெரியல."

குழந்தை மேல் காற்று அடிக்காமல் அண்ணி ஜன்னலைப் பாதி சாத்தினாள்.

"நான்தான் அவன்கிட்ட பேசுனேன். நானும் போகாமலே வாங்குன பி.எட்.தான். வேலைக்குச் சேந்த மொத நாளு, நாப்பது புள்ளைங்க என் மொகத்தையே பாக்குதுங்க. எனக்குப் பேச்சே வரல. மறுநாள்லேந்து வேலைக்கே போகல. ஒடம்பு சரியில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நேத்துதான் தம்பிகிட்ட உண்மையச் சொன்னேன்."

இளையவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாக்குற? சொன்னதும் எனக்கே நெஞ்சு லேசாயிட்டு" என்று சொல்லியபடி அண்ணி, குழந்தையை எழுப்பாமல் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். "நீ போயி நல்லா படி. இவளை நான் பாத்துக்கறேன்."