கிழவா

மாலை நாலு மணி. ஹூட் மலையில் கடைசி நாற்காலி லிஃப்டும் நின்றுவிட்டது. உச்சிச் சரிவில் ஆள் அரவமே இல்லை...

நம் ரோண்டாவின் பெரியப்பா மகன் வெஸ்லிக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் அவளையே கேளுங்கள். அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள்.

வெஸ்லி பனிச்சறுக்குக் காவலன். சறுக்குச் சரிவுகளை மூடும் நேரத்தில், யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்த்தபடியே காவலர்கள் வரிசையாகச் சறுக்கி இறங்குவார்கள். கடைசி ஆள் அவன். அவனுக்குச் சற்றுக் கீழே தங்கை டார்லா. காவல் வேலையில் அவளுக்கு அதுதான் முதல் பனிக்காலம். "பத்திரமா கூட்டிட்டு வந்துடுறேம்மா" என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

"மெதுவா வா கிழவா, முட்டி கழண்டுடப் போகுது!" என்று சிரித்துவிட்டு முன்னால் போனாள். அவனைக் கிழவா என்று அழைப்பது உலகத்தில் அவள் ஒருத்திதான்.

கண் மூடித் திறப்பதற்குள் மேகம் இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. அந்த மாதிரி நேரத்துக்கென்று காவலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவர் கையிலுள்ள சறுக்குக் கோல்களை ஒன்றோடொன்று ஒருமுறை தட்ட வேண்டும். கீழே இருப்பவர் இருமுறை தட்டிப் பதில் தர வேண்டும். காற்று குரலைச் சிதறடித்துவிடும். தட்டலை நோக்கித்தான் போக வேண்டும்.

தட்டினான். டக்.

டக்... டக். இடப்பக்கம். ஹூட் ஓர் எரிமலை; அது நீராவியாக மூச்சுவிடும் துளைகள் இருக்கும் பக்கம். அழுகிய முட்டை நாற்றம் குமட்டியது. அங்கே எதற்குப் போனாள்?

டக்... டக். இப்போது அவசரமாக.

திரும்பினான். அப்போது வலப்பக்கம், வெகு அருகில்...

"கிழவா, அங்க போகாத. அது நானில்ல."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குரலின் பின்னாலேயே இறங்கினான். தட்டல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

கீழே காவலர் குடிலில் கூட்டாளிக் காவலன் ஒருவன் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"டார்லா எங்கடா?" என்று வெஸ்லியைக் கேட்டான்.

"எனக்கு முன்னாடி வந்தாளே!"

"யாரு வந்தா? நீ மட்டுந்தானே வந்த?"

மறுநாள்தான் எடுத்தார்கள். நீராவி குடைந்த பனிக்குழியில் விழுந்திருந்தாள். விஷக்காற்று. கையில் கோல்கள். ஒன்றோடொன்று மோதி மோதி, இரண்டும் நசுங்கியிருந்தன. பாவம், மூச்சு இருந்தவரைக்கும் பதில் சொல்லியிருக்கிறாள்.

வெஸ்லி வேலையை விடவில்லை. மேகம் இறங்கும் மாலைகளில் அந்தக் குழிப்பக்கம் நின்று ஒருமுறை தட்டுவான். பதில் தட்டல் வருவதில்லை.

குரல்தான் வருகிறது. காதோரமாக, சிரித்தபடி...

"மெதுவா வா, கிழவா."