கிட்டப் போய் எடும்மா

புதிதாகக் கேமரா வாங்குகிறவர்கள் முதலில் பூவை எடுப்பார்கள், பிறகு பூனையை எடுப்பார்கள், அலுத்துப் போனால் தங்கள் காலையே எடுப்பார்கள். அதில் தப்பே இல்லை. நானும் அப்படித் தொடங்கியவன்தான். அதனால்தான் என் ஸ்டூடியோ மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் குழுவில் யார் படத்தையும் யாரும் கேலி செய்யக்கூடாது என்று விதி வைத்திருந்தேன். படத்தைச் சுவரில் காட்டுவோம். ஒருவர் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை இன்னொருவர் வாய் திறக்கக்கூடாது. எடுத்தவர் விளக்கம் சொல்லக்கூடாது. கேட்டுக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். குறை சொல்வதும் ஒரு கலை, அதை வாங்கிக்கொள்வதும் ஒரு கலை. நீங்கள் எழுதிக்கொள்ளும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நான் எதையும் இந்த விதியை மீறிச் செய்யவில்லை.

அந்தப் பெண்ணை நாங்கள் 'புதுசு' என்று கூப்பிட்டோம். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேஜையில் வேலை. நாள் முழுக்கக் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருக்கும் முகங்களைப் பார்க்கிறவள். அவள் பூவையும் எடுக்கவில்லை, பூனையையும் எடுக்கவில்லை. இரண்டாவது முறை வந்தபோதே என் மனைவியை எடுத்திருந்தாள்.

எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, காலி டம்ளர்களைப் பக்கத்தில் வைத்து, என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் ஒரு கை. தூரத்திலிருந்து எடுத்தது. எடுத்தது அவளுக்கே தெரியாது. சுவரில் அதைக் காட்டியதும் எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான்தான் முதலில் பேசினேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன், ஃபிரேம் சுத்தமாக இருக்கிறது என்றேன்.

"ஆனா பயந்து பயந்து எடுத்திருக்க. இவ்வளவு தள்ளி நின்னா எப்படி? கிட்டப் போய் எடும்மா."

"சரிங்க சார், ரொம்ப நன்றி" என்றாள்.

அவள் தள்ளி நின்றதால்தான் அது படமாக இருந்தது. அது எனக்குத் தெரியாதா? இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான்.

என் மனைவி அதில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக் கூடத்தில் மாட்டினாள். பரிசு வாங்கிய என் பனிமலைப் படத்தைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன்.

"நான் எடுத்த உன் படம் எவ்வளவோ கிடக்கு. அதுல ஒண்ணைக்கூட நீ மாட்டினதில்லையே?"

"அதுல எல்லாம் நீங்க சொன்ன மாதிரி உக்காந்திருக்கேன். இதுலதான் நான் பாட்டுக்கு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்த காளான் என் வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டது. ஆனாலும் கத்துகிற ஆள் நான் இல்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, வாரம் தவறாமல் கருத்துச் சொன்னேன். கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ. அவளும் போனாள். செருப்புத் தைக்கிறவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி ஏச்சு வாங்கினாள். அவள் படத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள், இல்லையென்றால் பல்லைக் காட்டினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் படம் கெட்டுக்கொண்டே வந்தது, ஒவ்வொரு ஞாயிறும் அவள் நன்றி சொன்னாள். அத்தோடு விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு நாள் என் மனைவி அவளைப் படியில் நிறுத்தி, "முன்ன மாதிரியே எடும்மா. யார் என்ன சொன்னாலும் காதுல போட்டுக்காத" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மூடிக்கிடக்கும் பஞ்சாலை உங்களுக்குத் தெரியும். இப்போது யாரும் நுழையாதபடி அங்கே கயிறு கட்டி வைத்திருப்பது உங்கள் போலீஸ்காரர்கள்தான். அடுத்த வாரம் அவள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் நின்று, ரொம்பத் தள்ளி. படங்கள் மறுபடியும் நன்றாக இருந்தன. வழக்கம்போல முதலில் பாராட்டினேன். பிறகு, "மேல் மாடியில வெளிப்பக்கமா ஒரு நடை இருக்கு. அங்க போய், கைப்பிடிக் கம்பி மேல நல்லா சாய்ஞ்சு கீழ பாத்து எடு. அப்பதான் உயரம் தெரியும்" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் எங்கள் குழுவில் பழைய ஆள். "சார், அந்தக் கம்பி..." என்று ஆரம்பித்தார்.

"ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக்கூடாது, இல்லையா?" என்றேன், சிரித்துக்கொண்டே.

மரியாதை தெரிந்த மனிதர். மன்னிப்புக் கேட்டு வாயை மூடிக்கொண்டார். கூட்டம் கலையும்வரை நானே பேசிக்கொண்டிருந்தேன், கலைந்ததும் அவரைக் கையோடு கீழே கூட்டிப்போய் அவருடைய புது லென்ஸைப் பற்றிக் கேட்டேன். லென்ஸ் பேச்சை எடுத்தால் அவர் பெற்ற பிள்ளையையே மறந்துவிடுவார். புதுசு எங்களைத் தாண்டி வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் காலையிலேயே பஞ்சாலைக்குப் போயிருக்கிறாள். உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னது மருந்துக்கடைக்காரராகத்தான் இருக்கும். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை.

போன மழைக்காலத்தில் நானும் அவரும் அந்த மாடிக்குப் போயிருந்தோம். கை வைத்ததுமே கம்பி அடியோடு ஆடியது, துரு பொலபொலவென்று உதிர்ந்தது. ஆள் சாய்ந்தால் அது தாங்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாயச் சொன்னேன். அவள் போவாள் என்பதும் தெரியும். சொன்ன திருத்தத்தைச் செய்யாமல் அவள் ஒரு வாரமும் வந்ததில்லை. அவள் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டீர்கள். நினைத்தேன். இதில் மழுப்ப ஒன்றுமில்லை.

விழுவதற்கு முன் அவள் எடுத்த கடைசிப் படம் என்று சொல்லி ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள். கீழே முற்றத்தில் பஞ்சாலைக் காவலாளி, உடைந்த ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் அவ்வளவு பெரிய வெறும் முற்றம். அவருக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை, வகிடு நேராக வர வேண்டும், அவ்வளவுதான். நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகிறேன் என்று நினைத்து நீங்கள் தண்ணீர் கொடுத்தீர்கள். நான் குறை தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

கீழேயே நின்றிருந்தால் அந்தப் படம் அவளுக்கு வாய்த்திருக்காது. என் பேச்சைக் கேட்டதால்தான் கிடைத்தது. அவளைப் பெற்றவர்களிடம் பேசும்போது இதையும் மறக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.